நூலகத்தில் கூடும் வேளை: வாசகர் கேள்விகளும் நூலகரின் பதில்களும்

பொது நூலகங்களில் நடைபெறும் கதை நேரம், வாசகர் வட்டம், விடுமுறைக்கால வாசிப்பு இயக்கம் முதலியவை குறித்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் எழுதியிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 3 வயது ஆகிறது. எங்கள் பகுதி நூலகத்தில் வாரந்தோறும் நடக்கும் கதை நேரத்துக்கு அவனை அழைத்துப் போகிறேன். மற்றக் குழந்தைகள் அமர்ந்து கேட்கும்போது இவன் மட்டும் எழுந்து அலமாரிகளுக்கு நடுவே ஓடுகிறான். பிறருக்குத் தொல்லையாக இருக்குமோ என்று கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்குப் போகும் வயது வரும்வரை நிறுத்திவிடட்டுமா? – ஒரு தாய்

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைதான் கதை கேட்கிறது என்று பெரியவர்களாகிய நாம் எண்ணிக்கொள்கிறோம். கதை முழுவதும் அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்த குழந்தை, அன்றிரவு வீட்டில் கரடியின் குரலை அப்படியே எடுத்துப் பேசியதாகப் பெற்றோர் வந்து சொன்னதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உங்கள் மகனும் ஓடிக்கொண்டே கேட்கிறானா என்பதை வீட்டில் அவன் விளையாட்டைக் கவனித்தால் நீங்களே அறிந்துகொள்ளலாம். நூலகத்தில் வட்டத்தின் ஓரமாக, கதவுக்கு அருகில் அமருங்கள். அவன் அழுதாலோ கத்தினாலோ வெளியே கூட்டிச்சென்று, தணிந்ததும் திரும்பி வாருங்கள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சிறு குழந்தைகளுக்கான நிகழ்ச்சியை நடத்துகிறவர் இவற்றையெல்லாம் எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். இரண்டு குட்டிக் கதைகள், அவற்றுக்கு நடுவே எழுந்து ஆடுவதற்கு ஒரு பாட்டு, மொத்தம் அரை மணிக்கு மேற்படாத நேரம் என்பதே இந்த வயதுக்குப் பொருத்தமான அளவு. பாட்டை நேரம் போக்கும் உத்தியாக நினைத்துவிடக் கூடாது. கைதட்டிப் பாடும்போது சொல் அசை அசையாகப் பிரிந்து காதில் விழுகிறது. பின்னாளில் எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் படிப்பதற்கு வேண்டிய செவிப்பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

நூலகத்தில் கழியும் அந்த அரை மணியைவிட, அங்கிருந்து எடுத்து வந்த படப்புத்தகத்தை வீட்டில் எப்படிப் படிக்கிறீர்கள் என்பது பெரிய செய்தி. குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2 வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர்களுள் ஒரு பிரிவினருக்கு, கதையைப் படித்துக்காட்டும்போதே இடையிடையே குழந்தையைப் பேசவைப்பதற்குப் பயிற்சி அளிக்கப்பட்டது; மற்றவர்கள் தங்கள் வழக்கப்படியே படித்துக்காட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, முதற்பிரிவுக் குழந்தைகள் பேச்சுத் திறனில் தெளிவாக முன்னே நின்றார்கள். செய்ய வேண்டியது எளிது. ‘இது என்ன?’ என்பதோடு நில்லாமல் ‘இவன் ஏன் ஒளிந்துகொண்டான்?’ என்று கேளுங்கள். குழந்தை ‘நாய்’ என்று சொன்னால் ‘ஆமாம், நனைந்துபோன நாய்’ என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். பதிலுக்காகச் சற்றுக் காத்திருங்கள். அதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தித் தேர்வு வைத்துவிடாதீர்கள். கேள்விகள் கதையை விழுங்கிவிட்டால் குழந்தை புத்தகத்தை மூடிவிடும். ஒரே புத்தகத்தை இருபதாவது முறையாகக் கொண்டுவந்தால் சலிக்காமல் படியுங்கள், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று முன்னதாகவே தெரிந்திருப்பதில்தான் அந்த வயதின் இன்பம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் நூலகத்தின் வாசகர் வட்டத்தை ஓராண்டாக நடத்திவருகிறேன். மாதம் ஒரு நூலை அறிவிக்கிறோம். வருகிறவர்களுள் பாதிப் பேர் நூலைப் படிக்காமலே வருகிறார்கள். படித்து வருகிறவர்களுள் இருவரே மாறிமாறிப் பேசுகிறார்கள். மற்றவர்கள் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கூட்டம் மெல்லக் குறைகிறது. என்ன செய்யலாம்? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, ஓராண்டு விடாமல் நடத்தியிருப்பதே பெரிய காரியம். பெரும்பாலான வட்டங்கள் நான்காவது மாதத்தைத் தாண்டுவதில்லை. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்கூட்டியே தயாராகி வந்தவர்கள் பேசும் மேடையாக வட்டம் மாறிவிட்டது. அதனால் தயாராகாதவர்கள் கேட்போராகிவிட்டார்கள்.

முதலில் படிக்காமல் வருகிறவர்களைப் பற்றிப் பேசுவோம். 400 பக்க நாவலை அறிவித்துவிட்டு, நூலகத்தில் அதன் படி ஒன்றே ஒன்று இருந்தால், படிக்காமல் வந்தவரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. எத்தனை படிகள் கிடைக்கும் என்பதை நூலகரிடம் கேட்டறிந்த பிறகே நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, சில மாதங்களுக்கு நாவலை விட்டுவிட்டுச் சிறுகதைக்கோ கவிதைக்கோ போவது. இங்கிலாந்தின் லிவர்பூல் பகுதியில் 2000களின் தொடக்கத்தில் தோன்றிய ‘பகிர்ந்து வாசித்தல்’ என்ற முறை இதற்கு நல்ல முன்மாதிரி. அதில் யாரும் எதையும் முன்னதாகப் படித்து வர வேண்டியதில்லை. ஒருவர் கதையை உரக்கப் படிப்பார். சில பத்திகளுக்கு ஒருமுறை நிறுத்துவார். அந்த இடத்தில் மனத்தில் எழுந்ததை விரும்பியவர்கள் சொல்வார்கள். பிறகு வாசிப்பு தொடரும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வரியில் நிற்பதால், நிறையப் படித்தவர் என்றும் குறைவாகப் படித்தவர் என்றும் பிரிவு எழுவதில்லை. எங்கள் நூலகத்தில் இதை முயன்றபோது முதல் இரண்டு கூட்டங்களில் நெடிய மௌனம் நிலவியது. அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது கூட்டத்தில், அதுவரை வாய் திறக்காத ஓர் அம்மையார், கதையில் வரும் கணவன் கதவை ஓசையின்றிச் சாத்தியது கோபத்தினால்தான் என்று ஒரு வாக்கியம் சொன்னார். அன்று மாலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே பேசினோம்.

அடுத்து, இருவரே பேசுவது. அவர்களை அடக்குவது தீர்வாகாது. அவர்கள் நூலை நேசிப்பவர்கள். கூட்டம் தொடங்கும் முன் தனியே அழைத்து, ‘நீங்கள் இறுதியில் பேசினால் மற்றவர்களுக்கு வழி கிடைக்கும்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள், நீங்களும் அதே வட்டத்தில் அமருங்கள். ‘நூல் எப்படி இருந்தது?’ என்று தொடங்காதீர்கள், ‘நன்றாக இருந்தது’ என்பதோடு அந்தக் கேள்வி தீர்ந்துவிடும். ‘எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள்?’ என்று கேட்டுப்பாருங்கள். பிடிக்காமல் பாதியில் விட்டவருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும். பாதியில் விட்டதற்கான காரணமே சிலநேரம் அந்த நூலைப் பற்றிய கூர்மையான விமரிசனமாக அமைந்துவிடும். எட்டு முதல் பன்னிரண்டு பேர் என்பது உரையாடலுக்கு நல்ல எண்ணிக்கை. ஆகவே கூட்டம் பன்னிரண்டாகக் குறைந்திருந்தால் அதற்காக வருந்தாதீர்கள். இருபத்தைந்து பேர் இருந்தபோதுதான் உங்கள் வட்டம் சிரமப்பட்டிருக்கும்.

கேள்வி: கோடை விடுமுறையில் அதிக நூல்களைப் படித்த குழந்தைக்குப் பரிசு என்று நூலகம் அறிவித்தது. என் மகள் மிக மெல்லிய புத்தகங்களாகத் தேடி எடுத்து நாளொன்றுக்கு ஐந்து முடிக்கிறாள். அவள் ஏமாற்றவில்லை, ஆனாலும் இது சரியாகப் படவில்லை. – ஒரு தந்தை

பதில்: உங்கள் மகள் விதிகளைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், விதிகளில்தான் பிழை. விடுமுறைக்கால வாசிப்பு இயக்கங்கள் பழையவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிளீவ்லாந்து போன்ற அமெரிக்க நகர நூலகங்கள் அவற்றை நடத்தத் தொடங்கிவிட்டன. அவற்றின் பயனைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ் அட்லாண்டா நகர மாணவர்களைப் பின்தொடர்ந்து 1978இல் வெளியிட்ட ஆய்வு, விடுமுறை மாதங்களில் ஒரு குழந்தை எவ்வளவு படிக்கிறது என்பதற்கும் அதன் கல்வி வளர்ச்சிக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதையும், அந்த வாசிப்பைத் தூண்டுவதில் பொது நூலகத்துக்குப் பெரும்பங்கு இருப்பதையும் காட்டியது. ஆனால், பரிசை எப்படி வைப்பது என்பதில் கவனம் வேண்டும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர், ஓவியம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலைப்பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்யப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக விளையாடும் நேரத்தில் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. விரும்பிச் செய்த ஒன்று கூலிக்குச் செய்யும் வேலையாக மாறிவிடும் இடம் அதுதான்.

ஆகவே, நூல்களின் எண்ணிக்கைக்குப் பதிலாகப் படித்த நாள்களை எண்ணும்படி நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு 20 நிமிடம் படித்தால் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டலாம் என்று வைத்தால், தடித்த நாவலை மெதுவாகப் படிக்கும் சிறுவனும் உங்கள் மகளும் சமமாவார்கள். முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்ற வரிசை வேண்டாம். கலந்துகொண்ட ஒவ்வொரு குழந்தையும் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு புத்தகத்தைப் பெறட்டும். சித்திரக்கதை, ஒலிப்புத்தகம், தம்பிக்குப் படித்துக்காட்டிய பக்கங்கள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மெல்லிய புத்தகங்களை இகழவும் வேண்டாம். நாளுக்கு ஐந்து முடிக்கும் குழந்தையின் கையில் ஆறாவதாக எதைக் கொடுக்கலாம் என்று யோசிப்பது நூலகரின் வேலை, உங்கள் வேலையுங்கூட.

கேள்வி: நான் அமைதியாக நாளிதழ் படிக்க நூலகத்துக்கு வருகிறவன். இப்போது பாட்டு, கைதட்டல், பயிலரங்கு என்று நூலகம் மண்டபமாகிவிட்டது. இது முறையா? – மூத்த வாசகர்

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானது, ஐயா. அதைப் பழைமைவாதம் என்று தள்ளிவிடுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. சுற்றியுள்ள எல்லா இடங்களிலும் ஓசை பெருகிவிட்ட காலத்தில், கட்டணமின்றி அமைதி கிடைக்கும் இடம் நூலகம் ஒன்றுதான் என்று சொல்லும் நிலையில் பலர் இருக்கிறார்கள். அதேவேளையில், பொது நூலகம் எல்லா வயதினருக்கும் உரியது என்பதை யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1949 முதலே வலியுறுத்திவருகிறது. நூலகச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்போடு இணைந்து 1994இலும் 2022இலும் வெளியிட்ட வடிவங்களில் சிறுவயதிலிருந்தே வாசிப்புப் பழக்கத்தை உருவாக்குவதும் நூலகத்தின் பணியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் இடமுண்டு. நிகழ்ச்சி நேரங்களை மாதத் தொடக்கத்திலேயே வாசலில் எழுதிவைப்பது, வாசிப்பறைக்கு எட்டாத மூலையில் நடத்துவது, தனியறை இல்லாத நூலகத்தில் வாரத்தில் சில நேரங்களை முழு அமைதிக்கென்று ஒதுக்குவது ஆகிய மூன்றையும் எழுத்து மூலம் கேளுங்கள். வாசகர் எழுதித் தந்த கோரிக்கை நூலகருக்கும் உதவியாக இருக்கும். மேலிடத்தில் அதைக் காட்டி அவர் இடவசதி கேட்கலாம்.

கேள்வி: நூலக நண்பர்கள் குழுவில் இருக்கிறேன். சென்ற மாதம் எழுத்தாளர் சந்திப்பு ஒன்றை நடத்தினோம். நூறு பேருக்கு மேல் வந்தார்கள், நிழற்படங்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால், அன்று ஒரு நூல்கூட இரவல் போகவில்லை என்று நூலகர் வருத்தப்பட்டார். எங்கே தவறினோம்? – தன்னார்வலர்

பதில்: உங்கள் நூலகர் சரியான கணக்கைத்தான் பார்த்திருக்கிறார். நூறு பேர் வந்த மாலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும், நூலகத்தில் நடக்கும் நிகழ்ச்சியை அளக்கும் அளவுகோல் வேறு. அன்று வந்தவர்களுள் எத்தனை பேர் எந்த நிகழ்ச்சியும் இல்லாத ஒரு சாதாரண நாளில் மீண்டும் வருகிறார்கள் என்பதே அது. எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அடுத்த இரண்டும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூலும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரும் கிட்ட வேண்டும் என்று சொல்கின்றன. அந்த மூன்றாம் விதியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பல ஆண்டுகளாக யாரும் தொடாத நூல் ஒன்று அலமாரியில் தன் வாசகருக்காகக் காத்திருக்கிறது. நூறு பேர் அதன் பக்கத்திலேயே அமர்ந்திருந்தும் அது எடுபடாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு.

அடுத்த முறை, பேச்சின் பொருளோடு தொடர்புடைய முப்பது, நாற்பது நூல்களை அலமாரியிலிருந்து எடுத்து, கூட்டம் வெளியேறும் வழியில் ஒரு மேசையில் பரப்பிவையுங்கள். உள்ளே வரும் வழியில் வைத்தால் பயனில்லை, வரும்போது எல்லாரும் இருக்கை தேடுவார்கள். பேச்சு முடிந்ததும் நூலகர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு மூன்று நூல்களை மட்டும் கையில் தூக்கிக்காட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வாக்கியம் பேசட்டும். இரவல் பதியும் இடம் அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும். மாலை நிகழ்ச்சி என்றால் பல இடங்களில் அது மூடப்பட்டுவிடுகிறது, உங்கள் சந்திப்பிலும் அதுவே நடந்திருக்கக்கூடும். உறுப்பினர் படிவத்தை நாற்காலிகளிலேயே வைத்துவிட்டு, நிரப்பித் தந்தவருக்கு அன்றே ஒரு நூலாவது கொடுத்தனுப்ப விதிகள் இடம் தருகின்றனவா என்று கேட்டுப்பாருங்கள். சிறப்பு விருந்தினரை அழைத்து ஆண்டுக்கு ஒரு முறை நடத்துவதைவிட, விருந்தினர் யாரும் இல்லாமல் மாதந்தோறும் குறித்த நாளில் நடப்பதற்குப் பலன் அதிகம். எந்த நாள் என்பது மக்களுக்குப் பழகிவிட்டால் விளம்பரமே தேவைப்படாது.

கேள்வி: என் தாயாருக்குப் பார்வை மங்கிவிட்டது. முன்பு நிறையப் படித்தவர். இனி நூலகத்தில் அவருக்கு ஏதும் இருக்கிறதா? – ஒரு மகள்

பதில்: நிச்சயமாக இருக்கிறது. பெரிய எழுத்து நூல்களும் ஒலிப்புத்தகங்களும் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அவற்றை வாங்கும்படி கோரிக்கைப் பதிவேட்டில் எழுதுங்கள். அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக, பதிப்புரிமை தடையாகாதபடி படிக்கத்தக்க வடிவங்களில் நூல்களை ஆக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்யும் மரகேஷ் உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு, 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இணைந்த நாடுகளின் நூலகங்களுக்கு இந்த வாய்ப்பு உண்டு. இவை ஒருபுறம் இருக்க, மேலே சொன்ன உரக்கப் படிக்கும் வட்டத்துக்கு உங்கள் தாயாரை அழைத்துச் செல்லுங்கள். நிறையப் படித்த ஒருவரின் நினைவு அந்த வட்டத்துக்குப் பெருஞ்செல்வம். அவரைக் கேட்பவராக மட்டும் அமர்த்திவிடாமல், கதை நேரத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லவும் அழைக்கும்படி நூலகரிடம் நீங்களே சொல்லுங்கள்; கதை சொல்லக் கண் வேண்டியதில்லை.

கேள்வி: ‘மனித நூலகம்’ என்கிறார்களே, அது என்ன? எங்கள் நூலகத்தில் நடத்தலாமா? – கல்லூரி மாணவி

பதில்: 2000ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் தொடங்கிய முயற்சி இது. நூலுக்குப் பதிலாக ஒரு மனிதரை அரை மணி போல ‘இரவல்’ பெற்று, அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவரோடு நேரில் உரையாடுவார்கள். சமூகம் முன்முடிவோடு பார்க்கும் நிலையில் இருப்பவர்களே பெரும்பாலும் ‘நூல்’களாக அமர்வார்கள். நடத்தலாம், ஆனால் சிறிய அளவில், நான்கைந்து பேரோடு தொடங்குங்கள். ‘நூலாக’ அமர்பவர் எந்தக் கேள்விக்கும் பதில் மறுக்கலாம், எந்த நேரத்திலும் எழுந்துவிடலாம் என்பதை வாசகர்களிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். படம் எடுப்பதையும் பதிவு செய்வதையும் முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வாசகர் வட்டத்துக்குப் போக ஆசை. போனால் சிரிப்பார்களோ? – பெயர் எழுத விரும்பாத வாசகர்

பதில்: போங்கள். இந்தக் கடிதத்தை எழுதி அனுப்பிய உங்களுக்கு வட்டத்தில் இடம் கேட்கும் உரிமை முழுமையாக இருக்கிறது. முதல் நாள் கூட்டம் தொடங்குவதற்குக் கால் மணி முன்னதாகச் சென்று, நடத்துகிறவரைத் தனியே பார்த்து, ‘எனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும், என்னை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதற்கு அவர் காரணம் கேட்டால் நீங்கள் விளக்க வேண்டியதில்லை. அன்று படிக்கப்போகும் கதையின் படியை முந்தைய வாரமே கேட்டு வாங்கி, நாளுக்கு அரைப் பக்கமாக வீட்டில் படித்துப்பாருங்கள். கூட்டத்தில் அதே வரிகளைப் பிறர் படிக்கக் கேட்கும்போது, தடுமாறிய சொற்கள் தாமாகவே தெளிந்துவிடும். எழுத்துப் பயிற்சி வகுப்பும் நடத்தும் நூலகமாக இருந்தால் அதிலும் சேருங்கள். இல்லையென்றால், வாரத்தில் ஒரு மணி உங்களோடு அமர்ந்து படிக்கக்கூடிய தன்னார்வலர் யாராவது உண்டா என்று நூலகரைக் கேளுங்கள்.